சம்பந்தி வீட்டு மணல்

ஜூன் 4

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் பொய்யாகிவிடும். நேற்று போனில் நீங்கள் போட்ட சத்தத்தைக் கேட்ட பிறகு, உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் நன்றாகவே தெரிந்துவிட்டது.

நாம் போனை வைத்ததும் என் மகள் கூப்பிட்டாள். "அப்பா, இனிமே நீங்களும் அத்தையும் போன்ல பேசவே கூடாது. ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் முடிக்க விட மாட்டேங்கறீங்க. எதுவா இருந்தாலும் எழுதிப் போடுங்க" என்றாள். பக்கத்தில் இருந்து உங்கள் மகனும் "ஆமா மாமா" என்றார். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு நமக்குச் சட்டம் போடுகிறார்கள். சரி, எழுதுகிறேன்.

அந்தக் கடல்மீன் தொட்டி, நான் என் மகளுக்குக் கல்யாணத்துக்குக் கொடுத்தது. கண்ணாடி வெட்டியது, ஒட்டியது, பாறை அடுக்கியது எல்லாம் என் கை. கட்டட வரைபடம் போடுகிறவன் நான். கோடு ஒரு மயிரிழை தப்பினாலும் எனக்குத் தூக்கம் வராது. அவர்கள் இருவரும் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது தொட்டியை ரயிலில் ஏற்றி என்னிடம் கொண்டுவர வழியில்லை என்பதால்தான் உங்கள் கூடத்திலேயே விட்டுப் போனார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? மணலை வாளியில் அள்ளி, குழாய்த் தண்ணீரில் அரிசி களைவதுபோல் களைந்து, பளிச்சென்று திரும்பக் கொட்டியிருக்கிறீர்கள்!

அம்மா, அது அழுக்கு மணல் இல்லை. உயிருள்ள மணல். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் அதில் குடியிருக்கின்றன. மீன் போடும் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுவதே அவைதான். குழாய்த் தண்ணீரில் இருக்கும் மருந்து அத்தனையையும் கொன்றிருக்கும். என் மகள் அழுதாள் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜூன் 9

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் மகள் எனக்கு எழுதி வைத்துவிட்டுப் போனது ஒரே ஒரு தாள். எந்த மீனுக்கு எவ்வளவு தீனி, விளக்கை எப்போது அணைப்பது, குறைகிற தண்ணீரை எப்படி நிரப்புவது, அவ்வளவுதான். மணலைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. மணல் மேல் பழுப்பாக ஏடு படிந்தது. பார்த்தேன், கழுவினேன். நான் ஆபரேஷன் தியேட்டர் பொறுப்பு நர்ஸ். என் தியேட்டரில் பெரிய டாக்டர்கூட நான் சொன்ன பிறகுதான் கையுறை போடுவார். கிருமியைக் கொன்றதற்காக வாழ்நாளில் ஒருவரிடமும் நான் திட்டு வாங்கியதில்லை. நீங்கள்தான் முதல் ஆள்.

இப்போது நிலைமையைச் சொல்கிறேன். நான் கழுவியது முன்பாதி மட்டும். அதற்குள் எனக்கு டியூட்டி நேரம் வந்துவிட்டதால் பின்பாதி தப்பித்தது. மறுநாளே தண்ணீர் பால் கலந்ததுபோல் ஆகிவிட்டது. நத்தைகள் பல செத்துவிட்டன, எடுத்துப் போட்டுவிட்டேன். பாறையில் பூவாக விரிந்திருந்த உயிர்ப் பவளங்கள் கையை மூடிக்கொண்டுவிட்டன. உங்கள் மகள் "வாட்ச்மேன்" என்று கூப்பிடும் அந்த மஞ்சள் மீன் பொந்து வாசலில் நிற்கிறது, ஆனால் மூச்சு வாங்குகிறது. அதனுடன் ஒரே பொந்தில் குடியிருக்கும் இறால், "மேஸ்திரி", வெளியே தலைகாட்டவில்லை. உப்புக் கலந்த புதுத்தண்ணீர் தயார் செய்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். மூச்சு வாங்குகிறவருக்கு என்ன செய்வது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ஆனால் மணலுக்கு என்ன செய்வது என்று சொல்லித்தர வேண்டும். ஒரு தாளில் என்னைத் திட்டுங்கள், இன்னொரு தாளில் செய்ய வேண்டியதை எழுதுங்கள். இரண்டாவது தாளை மட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறேன்.

இந்த வீட்டில் ஓர் உயிரை நான் சும்மா விட்டுவிட மாட்டேன். அதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

சம்பந்தி


ஜூன் 15

சம்பந்தியம்மாவுக்கு,

திட்டும் தாளை என் வீட்டுக்காரி வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டாள். எனவே இரண்டாவது தாள் மட்டும்.

இந்தக் கடிதத்துக்கு முன்பே பஸ் பார்சலில் ஒரு டப்பா வந்திருக்கும். அதில் இருப்பது என் வீட்டில் நான் வைத்திருக்கும் தொட்டியின் மணல். நான் என் மணலை யாருக்கும் ஒரு கரண்டிகூடக் கொடுத்ததில்லை என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவே சொல்கிறேன். நீங்கள் கழுவிய பக்கத்தில் அதைப் பரவலாகத் தூவுங்கள். புதைக்க வேண்டாம். அதில் இருக்கும் புழுவும் பூச்சியும் தாமாகவே வேலையைத் தொடங்கிவிடும். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான்.

தண்ணீர் தெளியும்வரை தீனியைப் பாதியாகக் குறையுங்கள். பழுப்பு ஏடு படிந்ததற்குக் காரணமே தீனி அதிகமானதுதான். நீங்கள் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஊட்டியிருக்கிறீர்கள்.

இனி மணலைச் சுத்தம் செய்யும்போது தண்ணீர் உறிஞ்சும் ஹோஸை மேல்தோலில் மட்டும் காட்டுங்கள். தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பட்டை. அடுத்த முறை அடுத்த பட்டை. முழுவதையும் ஒரே நாளில் தொடவே கூடாது. பாறைக்குப் பின்னால் ஆழமாக இருக்கும் மணலை எந்தக் காலத்திலும் கிளறாதீர்கள். அடியில் காற்றுப் போகாத இடத்தில் விஷவாயு தங்கியிருக்கும். அது பாட்டுக்கு இருந்தால் தொந்தரவு இல்லை.

மேஸ்திரி தலைகாட்டினால் ஒரு வரி எழுதுங்கள். என் மகள் தினமும் கேட்கிறாள்.

சம்பந்தி


ஜூலை 2

சம்பந்தி அவர்களுக்கு,

மேஸ்திரி வந்துவிட்டது!

உங்கள் மணல் தூவிச் சில நாளில் தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. பவளங்கள் ஒவ்வொன்றாகக் கை விரித்தன. அப்புறம் நேற்று சாயங்காலம், டியூட்டி முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்தால், பொந்து வாசலில் அது மண் அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கிறது. புல்டோசர் மாதிரி தள்ளிக்கொண்டு வருகிறது, கொட்டுகிறது, திரும்பிப் போகிறது. கண் சரியாகத் தெரியாது என்று உங்கள் மகள் சொல்லியிருந்தாள். அதனால் வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையை வாட்ச்மேன் மீன் மேல் வைத்துக்கொண்டே வேலை செய்கிறது. ஆபத்து என்றால் மீன் வாலை ஆட்டும். இரண்டும் உள்ளே ஓடிவிடும். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சாப்பாடு ஆறிப்போனது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி ஓரத்தில் மணலுக்குள் நூல் நூலாகச் சுரங்கம். உங்கள் புழுக்கள் குடியேறிவிட்டன. புழுவைப் பார்த்து நான் சந்தோஷப்படுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவருக்கு முதலில் ஜுரம் பார்த்திருப்பேன்.

ஒரு சந்தேகம். மேஸ்திரி அள்ளுகிற மண்ணெல்லாம் அந்தப் பெரிய பாறைக்கு அடியிலிருந்து வருகிறது. பாறை லேசாக முன்னால் சாய்ந்திருப்பதுபோல் என் கண்ணுக்குத் தெரிகிறது. பாறையை நீங்கள் வைத்தது தொட்டியின் அடிக்கண்ணாடி மேலா, மணல் மேலா? மணல் மேல் என்றால், அடியில் ஆள் வைத்துத் தோண்டிக்கொண்டே மேலே வீடு நிற்கும் என்று எதிர்பார்க்கிறோமே, அது சரியா?

தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்கிறேன்.

சம்பந்தி


ஜூலை 8

சம்பந்தியம்மாவுக்கு,

மேஸ்திரி வந்ததில் மகிழ்ச்சி.

பாறை பற்றி. நான் வரைந்த கட்டடங்களில் ஆயிரக்கணக்கான பேர் குடியிருக்கிறார்கள். இதுவரை எதுவும் சாயவில்லை. அந்தப் பாறை எப்படி உட்கார வேண்டும் என்று வரைந்து பார்த்து, எடை பார்த்து வைத்தேன். நீருக்குள் இருப்பது கண்ணுக்கு வளைந்துதான் தெரியும். டம்ளரில் ஸ்பூன் போட்டுப் பாருங்கள், புரியும்.

தியேட்டரில் நான் வந்து உங்கள் கத்தியைச் சரிபார்க்க மாட்டேன்.

சம்பந்தி


ஜூலை 21

சம்பந்தி அவர்களுக்கு,

பாறை விழுந்துவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லாரும் பிழைத்துவிட்டார்கள். இனி நிதானமாகப் படியுங்கள்.

முந்தாநாள் நான் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததுமே கெட்டுப்போன முட்டை நாற்றம். பாறை முன்கண்ணாடியில் சாய்ந்து கிடந்தது. அடியில் இருந்த பொந்து நொறுங்கிப்போய், பின்பக்கத்து ஆழ மணல் கறுப்பாகப் பிளந்து கிடந்தது. வாட்ச்மேன் மட்டும் வெளியே, வாசல் இருந்த இடத்தில் நின்றுகொண்டு மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. மற்ற மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

நான் பதறவில்லை. பதறுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. கீழ் வீட்டு லிஃப்ட் மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டேன். வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு "என்னக்கா, கேஸ் லீக்கா?" என்றார். "ஆமா, ஆனா மீனுக்கு. இந்த ஹோஸைப் பிடிங்க, நான் சொல்ற இடத்தைத் தவிர எங்கேயும் போகக் கூடாது" என்றேன். இரண்டு வாளியில் தயார் உப்புத் தண்ணீர் எப்போதும் என்னிடம் உண்டு. மீன்களை ஒரு வாளிக்கும் பவளங்களை இன்னொரு வாளிக்கும் மாற்றி, மீன் வாளியில் காற்றுக்குழாய் போட்டேன். அப்புறம் பாறையை இரண்டு கையாலும் தூக்கி எடுத்தேன். கறுத்த மணலைக் கிளறாமல், ஓரத்திலிருந்து துளித்துளியாக ஹோஸ் வழியே நேராக வெளியே இழுத்தோம். சீழ் எடுக்கிற மாதிரி. நல்ல மணலைத் தொடவில்லை. உங்கள் புழுக்களையும் தொடவில்லை.

கறுப்பு முடிந்து வெள்ளை தெரிய ஆரம்பித்த இடத்தில் ஒரு சிப்பி கவிழ்ந்து கிடந்தது. அதை விரலால் நகர்த்தினேன். அடியில் மேஸ்திரி. மீசை அசைந்தது. லிஃப்ட் மெக்கானிக் "அக்கா, இருக்குக்கா!" என்று கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஆனால் அதன் பெரிய கொடுக்கு உடைந்துபோய்விட்டது. சின்னக் கொடுக்கு மட்டும் மிச்சம்.

பிளாஸ்டிக் குழாயை நான்கு கால்களாக வெட்டி, அடிக்கண்ணாடி மேல் நேராக ஊன்றி, அதன் மேல் பாறையை வைத்தேன். பிறகுதான் சுற்றிலும் மணல். இனி மேஸ்திரி எவ்வளவு தோண்டினாலும் வீடு நிற்கும். புதிதாக உப்புத் தண்ணீர் கலந்து நிரப்பி எல்லாரையும் திரும்ப விட்டேன். வாட்ச்மேன் சுற்றிச் சுற்றித் தேடி, கடைசியில் சிப்பி பக்கத்தில் போய் நின்றது. மேஸ்திரியின் மீசை எழுந்து அதைத் தொட்டது. எத்தனையோ பேர் மயக்கம் தெளிந்து கண் திறப்பதைப் பார்த்தவள் நான். அன்றைக்கு ஏனோ மூக்கை உறிஞ்ச வேண்டியதாயிற்று. நாற்றத்தினால் என்று மெக்கானிக்கிடம் சொன்னேன்.

பிள்ளைகளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. பாறை எதன் மேல் இருந்தது என்பதை உங்களுக்கும் நான் எழுதவில்லை பாருங்கள்.

கொடுக்கு இல்லாமல் அது பிழைக்குமா? இதற்கு மட்டும் உடனே பதில் எழுதுங்கள்.

சம்பந்தி


ஜூலை 27

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பிழைக்கும். கவலைப்படாதீர்கள். இந்த இறாலுக்கு ஒரு விசேஷம் உண்டு. பட்டாசு மாதிரிச் சொடுக்குகிற பெரிய கொடுக்கு போனால், அடுத்தடுத்துச் சட்டை உரிக்கும்போது சின்னக் கொடுக்கு பெரியதாக வளரும். உடைந்த பக்கத்தில் புதிதாக ஒரு சின்னக் கொடுக்கு முளைக்கும். வலக்கை வேலைக்காரன் இடக்கை வேலைக்காரனாகிவிடுவான், அவ்வளவுதான். வேலை நிற்காது. மணலில் சிப்பித்துண்டும் உடைந்த பவளமும் கொஞ்சம் போட்டு வையுங்கள். கூரை போட அதற்குச் சாமான் வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஆபீஸ் போகவில்லை. என் தொட்டியில் இருந்த பாறைகளை எல்லாம் வெளியே எடுத்து, கால் ஊன்றி, மறுபடி அடுக்கினேன். என் வீட்டுக்காரி வாசல்படியில் சாய்ந்து நின்று, "ஏங்க, உங்க கட்டடத்துக்குக்கூடக் கால் போட்டுத்தான் கட்டினீங்களா, இல்ல அதுவும் மணல் மேலேயா?" என்று கேட்டாள். நான் அடுத்த பாறையைக் கையில் எடுத்துக்கொண்டேன். உங்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் விட்டுக்கொடுத்து எழுதியது புரிந்தது.

உங்கள் கடிதத்தை ஆபீஸில் பக்கத்து மேஜை இன்ஜினியருக்குப் படித்துக் காட்டினேன். துளித்துளியாகக் கறுப்பை எடுத்த இடம் வந்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யாரு சார் இவங்க?" என்றார். "எங்க சம்பந்தி" என்றேன். அந்த வார்த்தையை அவ்வளவு மிடுக்காக நான் இதுவரை சொன்னதில்லை.

மீனை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அம்மா. மணலை வளர்க்கிறவர்கள் ரொம்பக் கொஞ்சம். நான் என்னை மட்டும்தான் அப்படி எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
சம்பந்தி


செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

இப்படிக் கூப்பிடலாமா என்று உங்களைக் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்காரியைக் கேட்டுவிட்டேன். அவர்களுடன் போனில் பேச எனக்குத் தடை இல்லையே!

முதல் செய்தி. நேற்று காலை நான் அடுப்படியில் இருந்தபோது கூடத்தில் "டப்" என்று ஒரு சத்தம். பல்பு வெடித்துவிட்டதோ என்று ஓடினேன். மேஸ்திரி. புதுக் கொடுக்கைச் சொடுக்கிப் பார்க்கிறது! நீங்கள் சொன்ன மாதிரியே இடக்கைக்கு மாறிவிட்டது. நான் பக்கத்தில் போனதும் மறுபடி ஒரு "டப்". கண்ணாடியில் வைத்திருந்த என் விரலில் அதிர்ந்தது. கீழ் வீட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "ஆபரேஷன்ல நானும் இருந்தேன்" என்கிறார்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். இது கொஞ்சம் சங்கடமானது.

பிள்ளைகள் அங்கேயே இன்னும் சில வருடம் இருக்கப்போகிறார்கள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். என் மகன் போன வாரம் கூப்பிட்டு, "அம்மா, தொட்டியை வித்துடலாம், உனக்கு எதுக்கு இந்தச் சிரமம்?" என்றான். எனக்கு அப்போது தியேட்டரில் ஒரு ஆபரேஷன் கேஸ் காத்திருந்தது. "ம்" என்றுவிட்டு போனை வைத்துவிட்டேன். அந்த "ம்" போதும் என்று அவன் அங்கிருந்தே ஆளைப் பிடித்துவிட்டான். நேற்று மத்தியானம் மீன்கடைக்காரர் ஒருவர் வாளிகளோடு வந்து நின்றார்.

நல்ல மனிதர்தான். மூடியைக் கழற்றி, குனிந்து தொட்டியைப் பார்த்தார். அப்புறம் பக்கவாட்டில் போய், மண்டியிட்டு, மணலைப் பார்த்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"யாரும்மா இதைப் பாத்துக்கறது? மாசாமாசம் ஆள் வர்றாங்களா?"

"இல்லை, நான்தான்."

"மீனுக்குத் தீனி நீங்க போடுவீங்க, சரி. மணலை யாரு பாக்கறாங்க?"

"அதையும் நான்தான்."

அவர் என்னையும் மணலையும் மாறி மாறிப் பார்த்தார். "என் கடையிலகூட இப்படி ஒரு மணல் இல்லம்மா. ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. நத்தை குட்டி போட்டிருக்கு. எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?"

"பாதி எங்க அண்ணன்கிட்ட. பாதி கெடுத்துக் கத்துக்கிட்டேன்" என்றேன்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. மறைக்க மாட்டேன். அந்த நிமிஷம் வரைக்கும், விற்றால் விற்கட்டும் என்றுதான் நின்றுகொண்டிருந்தேன். அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரிம்மா, மீனையும் பவளத்தையும் நான் எடுத்துக்கறேன். பாறையும் ஆகும். மணலைக் கொட்டிடுங்க. புதுசு மூட்டையில கிடைக்குது."

"மூடியை வைங்க" என்றேன்.

"என்னம்மா?"

"தொட்டி மூடியை வைங்க. இது விக்கிறதுக்கு இல்லை."

"உங்க பையன் சொல்லித்தானே வந்தேன்?"

"அவன் தெரியாமச் சொல்லிட்டான். வாங்க, உக்காருங்க, டீ சாப்பிட்டுட்டுப் போங்க."

பாவம், காலி வாளியோடு போனார். டீ நன்றாக இருந்தது என்றார்.

சாயங்காலம் மகன் கூப்பிட்டான். "அம்மா, யாரைக் கேட்டு அவரைத் திருப்பி அனுப்பினே?" "யாரைக் கேக்கணும்? என் கூடத்துல இருக்கு, என் கையால பொழைச்சிருக்கு. நீங்க எப்ப வந்தாலும் வந்து பாருங்க, தொட்டுப் பாருங்க. ஆனா தொட்டி என்னோடது" என்றேன். உங்கள் மகளும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மனதில் என்ன நினைத்தாளோ.

அண்ணே, கொடுத்தவர் நீங்கள். கொடுத்தது அவளுக்கு. உங்களைக் கேட்டுவிட்டுத்தான் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் முறை. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் யோசித்திருப்பீர்கள், வரைந்து பார்த்திருப்பீர்கள், அதற்குள் வாளி நிரம்பியிருக்கும். உங்களுக்கு வருத்தம் என்றால் எழுதுங்கள். தொட்டியைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கிறேன்.

அன்புத் தங்கை


செப்டம்பர் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே என் மகளிடமிருந்து போன் வந்துவிட்டது. ("நீங்கள்" என்று எழுத ஆரம்பித்தால் என் வீட்டுக்காரி பேனாவைப் பிடுங்குகிறாள்.)

"அப்பா, அத்தை தொட்டியைக் குடுக்க மாட்டேங்கறாங்கப்பா. அவங்களோடதாம். இவரு கோபமா இருக்காரு. நீங்களாவது கொஞ்சம் பேசுங்க" என்றாள்.

"நான் என்ன பேசறது? குடுக்காதேன்னு நான்தானே சொன்னேன்" என்றேன்.

"நீங்களா? எப்பப்பா?" என்றாள்.

"போன மாசமே எழுதிட்டேன். நான் குடுத்தது கண்ணாடியும் பாறையும்தான். அந்தப் பாறையையும் அவங்கதான் நிக்க வெச்சாங்க. உயிரோட இருக்கறது எல்லாம் உங்க அத்தையோடது. உங்களுக்கு வேணும்னா நான் புதுசா ஒண்ணு செஞ்சு தரேன். மணலுக்கு மட்டும் அவங்ககிட்டதான் போய்க் கேக்கணும். ஒரு கரண்டி தர்றதும் தராததும் அவங்க இஷ்டம்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். ரொம்ப நேரம் சிரித்தாள். "அத்தைக்கு அடுத்த தடவை வரும்போது நல்ல டார்ச் ஒண்ணு வாங்கிட்டு வரேன்னு சொல்லுங்க" என்று போனை வைத்தாள்.

ஆகையால், தங்கச்சி, ஒரு சின்ன உதவி. பிள்ளைகள் கேட்டால், போன மாதம் நான் அப்படி ஒரு கடிதம் எழுதியதாக நீயும் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்